ரவுட்டருக்கு நாம் யார்? மன்னார்க் கரையிலிருந்து சில கேள்விகள்

தலைமன்னார்க் கடற்கரையில் சற்று நேரம் நின்றால் சிலவேளை கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து விழும்: இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று. கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை, கால் நனையவுமில்லை. ஆனாலும் வரவேற்பு உண்டு. எதிர்க்கரையில் தனுஷ்கோடியைப் பார்க்க வரும் தமிழகத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு இதே மரியாதை இலங்கையின் பெயரால் கிடைக்கிறது. சிரித்துவிட்டுப் போகலாம். ரோமிங் வசதியை முடுக்கி வைத்திருந்தவர்களுக்கு மாதக் கடைசியில் வரும் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வராது.

1974இலும் 1976இலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இந்தக் கடலில் ஒரு கோட்டைக் கீறின. அந்தக் கோடு எவ்வளவு கனமானது என்பதை இரு கரை மீனவர்களும் அறிவார்கள். வானொலி அலைக்கு அது தெரியாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரம் எட்டக்கூடிய தூரத்துக்கு வகுக்கப்பட்ட எல்லை 35 கிலோமீற்றர். நடுவே மலை இல்லை, மாடிக் கட்டடம் இல்லை. நீரும் மணல் திட்டுகளும்தான். ஊர்க் கோபுரத்தின் சமிக்ஞை சற்று மங்கினால் போதும், கைத்தொலைபேசி அக்கரைக் கோபுரத்திடம் போய் நின்றுவிடும்.

அங்கே நடக்கும் உரையாடல் சுவையானது. சிம் அட்டைக்குள் வழக்கமாக 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. நாம் நண்பர்களுக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405. 413 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் அக்கரை வலையமைப்பு இது வெளியூர் ஆள் என்று அறிந்து, கொழும்பிலுள்ள தாய் நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. இவர் உங்களுடையவர்தானா? இவருடைய செலவை நீங்கள் பொறுப்பேற்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் வரவேற்புச் செய்தி. இல்லையென்றால் அவசர அழைப்பு மட்டும்.

அந்த இரண்டாவது கேள்வியை வாசகர்கள் சற்று மனதில் வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரை முழுவதும் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

இதை எழுதத் தூண்டியவர் கனடாவில் வாழும் ஓர் அன்பர். பேசாலையில் இருக்கும் தாயாருடன் வீடியோவில் பேசும்போது மாதத் தொடக்கத்தில் முகம் தெளிவாகத் தெரிகிறது, மாதக் கடைசியில் மட்டும் படம் உறைந்துபோகிறது, இதற்குக் கடல்காற்றா காரணம் என்று கேட்டிருந்தார். கடல்காற்று மாதத் திகதி பார்த்து வீசுவதில்லை. அவருடைய தாயாரை ஒரு பொறி நாள்தோறும் அளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பொறியைப் பற்றி நம் பத்திரிகைகளில் எவரும் எழுதுவதில்லை. விலைப்பட்டியல் வந்தால் எழுதுவோம், இணையம் முடக்கப்பட்டால் எழுதுவோம். இரண்டையும் செய்யும் கருவி ஒன்றுதான் என்பதைச் சொல்வதில்லை.

வீட்டு மூலையில் பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் ரவுட்டரிலிருந்து தொடங்குவோம். மின்சாரம் வந்து அதற்கு உயிர் வந்ததும் அது செய்யும் முதல் வேலை, கம்பியின் மறுமுனையை நோக்கி, அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் குரல் கொடுப்பது. மறுமுனையில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கம்பிகள் வந்து சேரும் இடத்தில் ஒரு பெரிய ரவுட்டர் இருக்கிறது. தொழில்நுட்பர்கள் அதை பி.ஆர்.ஏ.எஸ். என்பார்கள். நாம் வாயிற்காவல் ரவுட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது, நான் இருக்கிறேன் என்கிறது. வீட்டு ரவுட்டர், அப்படியானால் என்னைச் சேர்த்துக்கொள் என்கிறது. வாயிற்காவல் ஓர் அமர்வு எண்ணைக் கொடுக்கிறது. அதன் பின்னர்தான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. 1999 பெப்ரவரியில் எழுத்து வடிவம் பெற்ற பி.பி.பி.ஓ.ஈ. என்ற முறை இது. செம்புக் கம்பி வழி ஏ.டி.எஸ்.எல். காலத்தில் உலகின் பெரும்பகுதி வீடுகள் இந்த வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைந்தன. இலங்கையும் விலக்கல்ல.

வாயிற்காவலுக்கு நம் கடவுச்சொல் தெரியாது. அது பின்னால் இருக்கும் ரேடியஸ் என்ற ஏட்டுக்காரரிடம் கேட்கிறது. 1990களின் தொடக்கத்தில், தொலைபேசியில் எண் சுழற்றி இணையத்தோடு இணைந்த காலத்தில், லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய முறை அது. இன்றும் ஓடுகிறது. ஏட்டுக்காரர் பெயரைச் சரிபார்த்து, ஆம் இவர் சந்தாதாரர், இவருக்கு இந்த வேகம், இந்த ஐ.பி. முகவரி, இத்தனை நேரம் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். உள்ளே விட்டபின் அவர் சும்மா இருப்பதில்லை. எப்போது வந்தார், எத்தனை பைட் வாங்கினார், எத்தனை பைட் அனுப்பினார், எப்போது போனார் என்று இடைவிடாமல் குறிப்பு வருகிறது. தொடக்க காலத்தில் அந்தக் கணக்கேட்டில் எண்ணுவதற்கு இடம் போதாமல் 4 ஜிகாபைட்டைத் தாண்டியதும் கணக்கு மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். பின்னர் இன்னொரு கட்டம் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். ஒரு வீட்டுக்கு 4 ஜிகாபைட் எந்நாளும் போதும் என்று அன்று நினைத்திருக்கிறார்கள்!

பைபர் வந்த வீடுகளில் நடைமுறை சற்று வேறு. அங்கே சுவரில் மாட்டிய பெட்டிக்கே ஒரு தொடரெண் உண்டு: உற்பத்தியாளரைக் குறிக்கும் 4 எழுத்துகள், பின்னால் 8 எழுத்திலக்கங்கள். அந்தத் தொடரெண் பட்டியலில் இல்லையென்றால் மறுமுனை பேசவே பேசாது. கம்பி எட்டாத கரையோரக் கிராமங்களில் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர்தான். அதற்கு அடையாளம் உள்ளே செருகிய சிம் அட்டை. சில இடங்களில் எந்தக் கம்பியின் எந்தத் துளையிலிருந்து கோரிக்கை வருகிறது என்பதை இடையிலுள்ள கருவி தானாகவே ஒட்டி அனுப்பிவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அடுத்த வீட்டுக் கம்பியிலிருந்து நுழைய முடியாது.

கம்பி, துளை, பெட்டி, அட்டை. இவற்றில் எதுவும் மனிதர் அல்லர். வாயிற்காவல் தேடுவது ஆளை அன்று. பணம் செலுத்தும் கணக்கை.

மன்னார் மண்ணுக்கு இந்த முறை புதியதா? இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, இரு கரை ரயில்களும் இணைந்தபோது, மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் இந்தக் கரை வழியாகவே இறங்கினார்கள். அதற்கு முந்திய தலைமுறை மன்னார்க் கரையில் தோணியில் வந்திறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தது. ரயில் காலத்தில் மண்டபம் முகாமில் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்து, பரிசோதித்து அனுப்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆங்கிலேயர் அதை டின் டிக்கட் என்றனர். அதில் தொழிலாளியின் பெயர் இராது, ஊர் இராது, தகப்பன் பெயரும் இராது. தோட்டப் பிரதேசத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வழியில் சோறு போட்டவர்களும் ரயிலில் ஏற்றியவர்களும் அந்த எண்ணைப் பார்த்து, செலவை உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். இவருடைய செலவை யார் பொறுப்பேற்பது? கேள்வி அன்றும் அதுதான்.

ஒப்பீட்டை அளவுக்கு மிஞ்சி இழுக்கக்கூடாது. தகர வில்லை அணிந்தவருக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. இன்றைய சந்தாதாரர் விரும்பித்தான் இணைகிறார். ஆயினும் ஆளை விட்டுக் கணக்கை அடையாளம் காணும் முறைக்கு என்று சில விளைவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றை என் உறவினர் குடும்பத்தில் பார்த்தேன்.

மாரிக்கு முந்திய இடிமின்னலில் அவர்கள் வீட்டு ரவுட்டர் கருகிவிட்டது. மன்னாரில் இது அதிசயமில்லை. மகன் கடையில் புதிய ரவுட்டர் வாங்கி வந்து மாட்டினான். வலையமைப்பு அதை ஏற்கவில்லை; பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பழைய ரவுட்டரை மாட்டிய தொழில்நுட்பர் அவற்றை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசினான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சந்தாதாரரைப் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். சந்தாதாரர் அவனுடைய தகப்பனார். அவர் காலமாகி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்த ஓராண்டும் பட்டியல் அவர் பெயரில் வந்தது, பணம் அவர் பெயரில் கட்டப்பட்டது, ரேடியஸ் ஏட்டில் அவர் நாள்தோறும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தால் பழைய இணைப்பை மூடிவிட்டு புதியதைத் தாயாரின் பெயரில் தருவோம் என்றார்கள். தாயாரின் தேசிய அடையாள அட்டை இடப்பெயர்வில் தொலைந்து, பிரதியும் மங்கிப்போயிருந்தது. மூன்று வாரம் அந்த வீட்டில் இணையம் இல்லை. பொறி இறந்தவரை ஏற்றுக்கொண்டது, இருப்பவர்களை ஏற்கவில்லை.

இடம்பெயர்ந்து, இந்தியா போய்த் திரும்பி, மீண்டும் குடியேறிய மாவட்டத்தில் இத்தகைய வீடு ஒன்று மட்டுமா இருக்கும்? 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எருக்கலம்பிட்டியையும் முசலியையும் விட்டுப் புத்தளத்தில் பல்லாண்டு வாழ்ந்தார்கள். தமிழகத்துக்குப் படகேறியவர்களை வரவேற்றது மீண்டும் அதே மண்டபம் முகாம்தான். யார் பெயரில் காணி, யார் பெயரில் மின்சாரம், யார் பெயரில் சிம் என்ற குழப்பம் இங்கே இயல்பானது. ஒருவருடைய அட்டையில் எடுத்த சிம்மை இன்னொருவர் பாவிப்பது குற்ற நோக்கத்தால் அன்று. அட்டை இருந்தவர் அவர் மட்டுமே என்பதால்.

கனடா அன்பரின் கேள்விக்கு வருகிறேன். ஏட்டுக்காரர் எண்ணிக்கொண்டே இருக்கிறார் என்றேன் அல்லவா? பக்கேஜில் குறித்த அளவு முடிந்ததும் அவர் வாயிற்காவலுக்கு ஓர் ஆணை அனுப்புகிறார்: இந்த அமர்வை வெட்டாதே, வேகத்தை மட்டும் குறை. இதற்கென்றே 2003இல் அந்த நெறிமுறைக்கு ஒரு நீட்சி சேர்த்தார்கள். இணைப்பு இருப்பதாக விளக்கு காட்டும். பச்சை நிறமும் மாறாது. வேகம் மட்டும் ஒற்றையடிப் பாதை ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், முகம் உறையும். தாயார் மகனிடம், தம்பி, இங்கை கடல் கொந்தளிப்பு அதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அளவு வைப்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கோபுரத்தின் கொள்ளளவு கிணற்று நீரைப்போல. பத்து வீடுகள் இரவு பகலாகப் படம் பார்த்தால் மற்ற வீடுகளுக்கு வாளி நிரம்பாது. பங்கீடு தேவை. நான் கேட்பது, பங்கீட்டின் விதி ஏன் குடிமக்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே. இலங்கையில் பல ஆண்டுகளாக விற்கப்பட்ட பக்கேஜ்களில், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த ஜிகாபைட்டின் பெரும்பங்கு நள்ளிரவுக்கும் காலைக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு உரியதாக இருந்தது. நள்ளிரவில் வலையமைப்பு சும்மா கிடக்கிறது. ஆகவே அதை மலிவாகக் கொடுப்பது நிறுவனத்துக்கு இலாபம். இதில் பொய் இல்லை. ஆனால் அதிகாலையில் கடலுக்குப் போகும் வீட்டில், நள்ளிரவு ஜிகாபைட்டை யார் பாவிப்பது? 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது வகுப்புகள் பகலில்தான் நடந்தன. சமிக்ஞை தேடி மாணவர்கள் மரத்திலும் பாறையிலும் ஏறிய செய்திகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அப்போது நாம் பிரசுரித்தோம். சமிக்ஞை கிடைத்த வீட்டில் பகல் பங்கு தீர்ந்துபோன செய்தியை எவரும் பிரசுரிக்கவில்லை. அது படமாகாது.

செயலிக்கு ஏற்ற பக்கேஜ் என்று இன்னொன்று வந்தது. இந்தச் செயலிக்கு மட்டும் இத்தனை ஜிகாபைட், அதற்கு மட்டும் இத்தனை. மலிவு என்பதால் மக்கள் வாங்கினார்கள். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் முகநூல் பார்க்கிறீர்களா, யூடியூப் பார்க்கிறீர்களா என்று தெரிந்தால்தானே அதற்குரிய கணக்கில் எழுத முடியும்? உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், எந்தத் தளத்தின் கதவைத் தட்டுகிறீர்கள் என்ற பெயர் பெரும்பாலும் உறையின் மேல் எழுதப்பட்டுத்தான் போகிறது. தபால்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை. முகவரியை வாசிக்கிறார், வாசித்துக் குறித்தும் வைக்கிறார். கணக்கு எழுதுவதற்கு என்று வாங்கிய கண், வேறு வேலைக்கும் உதவும்.

உதவியிருக்கிறது. 2007 யூன் மாதத்தில் தமிழ்நெற் தளம் இலங்கைக்குள் திறக்கமுடியாமல் போனதை என் வயதுப் பத்திரிகையாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் அது தெரிந்தது. அது யாரைப் பற்றி எழுதிற்றோ அந்த மண்ணில் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைமை அதுதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போது முகநூல், வாட்ஸ்அப், வைபர் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரில் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் மீண்டும். 2022 ஏப்ரில் 3ஆம் திகதி, விலைவாசிக்கும் மின்வெட்டுக்கும் எதிராக மக்கள் தெருவுக்கு வந்த நேரத்தில் இன்னொரு தடவை. அது அன்றே நீக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி செய்தோம் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அப்போது கூறியது. எவரும் கம்பியை அறுக்கவில்லை. வாயிற்காவல்களுக்கும் அவற்றின் பின்னாலுள்ள கருவிகளுக்கும் சில வரிகள் கொடுத்தார்கள், அவ்வளவே. போர்க்காலத்தில் வடக்கில் கைத்தொலைபேசிச் சேவையை நிறுத்துவதற்குக் கோபுரத்தையே அணைத்தார்கள். இப்போது அத்தனை சிரமம் தேவையில்லை.

வாயிற்காவலைத் தாண்டி வீட்டுக்குள்ளும் ஒரு சன்னல் இருக்கிறது. நிறுவனமே தரும் ரவுட்டர்களை தூரத்திலிருந்து பராமரிப்பதற்கென டி.ஆர்-069 என்ற நெறிமுறை 2004இல் வந்தது. தொழில்நுட்பர் மன்னார் வரை வாகனத்தில் வராமலே, கொழும்பில் இருந்தபடி பழுது பார்க்கலாம். நல்ல வசதி. அதே வழியால் அந்த ரவுட்டரில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன என்ற பட்டியலையும் வாசிக்க முடியும். ஒரு வீட்டில் இன்றிரவு எத்தனை கைத்தொலைபேசிகள் உறங்குகின்றன என்பது, வேறொரு காலத்தில் வாசலில் வந்து நின்று கேட்கப்பட்ட கேள்வி. வீட்டில் யார் யார் என்று பதிந்து வைத்த பத்திரங்களையும், மதவாச்சிச் சோதனைச்சாவடியில் பொதிகளைத் திறந்து காட்டி நின்ற வரிசைகளையும் கண்டவர்களுக்கு இது வெறும் பொறியியல் விபரமாகத் தோன்றாது. இலங்கை நிறுவனம் எதுவும் இப்பட்டியலை எவருக்கும் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. கேட்டால் கொடுக்காதிருக்க அவர்களைக் கட்டுப்படுத்துவது எது என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது, என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் மொத்தம் 429 கோடியளவு. உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி பங்கிடப்பட்டுவிட்டன. பின்னால் வந்தவர்களுக்கு முகவரி இல்லை. ஆகவே நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. இதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும், ஏறத்தாழ 42 இலட்சம் முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 100.64 முதல் 100.127 வரையான எண் தெரிகிறதா? அப்படியானால் நீங்கள் அந்த வரிசையில் நிற்கிறீர்கள். வெளியுலகுக்கு நீங்களும் பக்கத்து வீட்டாரும், உங்களுக்கு முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களும் ஒரே முகம். யார் எவர் என்று பிரித்தறிய ஒரே வழி, எந்த நொடியில் எந்த வாயில் எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேடு. ஒரு முகவரிக்கு 65,536 வாயில்கள். வெளியே இருக்கும் தளமோ பெரும்பாலும் முகவரியை மட்டும் குறித்து வைக்கிறது, வாயில் எண்ணைக் குறிப்பதில்லை. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் 2017இல் இதைப் பகிரங்கமாகவே சொன்னது: இம்முறையால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிவதில்லை, குற்றமற்றவர்கள் விசாரணைக்குள் இழுக்கப்படுகிறார்கள்.

ஐரோப்பாவில் அப்படி இழுக்கப்பட்டவர் ஒரு வழக்கறிஞரை அழைத்துக்கொள்வார். மன்னாரில் ஒரு முகநூல் பதிவுக்காக, ஒரு முகவரியையும் ஒரு நேரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு வந்தால்? மணிக்கூட்டில் ஒரு நிமிடப் பிசகு போதும் வேறு வீடாவதற்கு. வீடு சரியாக இருந்தாலும், அந்த வைபையைப் பாவித்தது மகனா, வாடகைக்கு இருப்பவரா, தண்ணீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பையனா என்று எந்த ரவுட்டரும் சொல்லாது. சந்தாதாரர் யார் என்றுதான் சொல்லும். அவர் காலமாகியும் இருக்கலாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் சந்தாதாரர் தகவலைப் பெற நீதவானின் ஆணை வேண்டும் என்கிறது. அவசரமென்றால் ஆணையின்றியும் பெறலாம் என்று ஒரு கதவையும் வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையைக் குடிமகனுக்கு எழுதிக் கொடுத்தது. சபாநாயகர் கையெழுத்திட்டது 2022 மார்ச்சில். முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. வருவதற்குச் சற்று முன் ஒத்திவைக்கப்பட்டன. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கதை வேறு. 2024 யனவரி 24ஆம் திகதி 108க்கு 62 வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி கையெழுத்தாகிச் சட்டமாயிற்று. அதன் இலக்கமும் 9தான், தற்செயலாக. இணையச் சேவை வழங்குநர்களுக்கு ஆணையிடும் அதிகாரமுள்ள ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் எட்டு நாளில் முடிந்தது. அதே வழங்குநர்களிடம் நாம் கேள்வி கேட்பதற்கான சட்டம் மூன்று ஆண்டு காத்திருந்து, பின் மேலும் காத்திருக்க வைக்கப்பட்டது. ஆளும் கட்சி எதுவாயினும் இந்த வரிசைமுறை மாறுவதில்லை என்பது என் நெடுநாள் அவதானிப்பு.

தமிழ்க் கட்சிகளின் உறுப்பினர்கள் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பேச்சுரிமையின் பெயரால் எதிர்த்துப் பேசினார்கள். சரியே. ஆனால் பதிவேடு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, வாயில் எண் இல்லாத கோரிக்கையை நிறுவனம் நிராகரிக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்ற கேள்விகளும் அதே வேகத்தில் கேட்கப்பட வேண்டியவை. வெளிநாடுகளில் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் இந்த எண்ணிக்கையை அறிக்கையாக வெளியிடுகின்றன. எண்ணிக்கையைச் சொல்வதால் எந்த விசாரணையும் கெட்டுவிடாது.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனி இந்தக் கவலை ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். 2025 யூலையில் அது இலங்கையில் சேவையைத் தொடங்கியது உண்மை. விலை மீனவக் குடும்பத்துக்கு எட்டாது என்பதை விடுங்கள். அந்தத் தட்டுக்கும் அடையாளம் உண்டு. அது தான் எங்கே இருக்கிறது என்பதைச் செய்மதிகளின் உதவியால் தானே அறிந்து தன் எசமானருக்குச் சொல்கிறது. அதன் ஏடும் வாசலும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கையில். வாயிற்காவல் இடம் மாறியதே தவிர இல்லாமற் போகவில்லை.

ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச திணைக்களங்களுக்கு மட்டும் உரியதன்று. அரசு நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் அதற்குள் அடங்கும். ஸ்ரீலங்கா ரெலிகொம்மில் அரசின் பங்கு நூற்றுக்கு 49.5. மொபிட்டெல் அதன் துணைக் கம்பனி. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோ அரச நிறுவனமே. தனிப்பட்ட எவருடைய விபரத்தையும் கேட்கவேண்டியதில்லை. அமர்வுப் பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருக்கிறீர்கள், கடந்த ஆண்டில் சந்தாதாரர் தகவல் கேட்டு எத்தனை கோரிக்கைகள் வந்தன, அவற்றுள் நீதவானின் ஆணையுடன் வந்தவை எத்தனை, சந்தாதாரர் இறந்தால் இணைப்பைக் குடும்பத்துக்கு மாற்றும் நடைமுறை என்ன, அது தமிழில் எங்கே இருக்கிறது. இந்த நான்கு கேள்விகளையும் ஒரே தாளில் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு இருக்கிறது.

என் கடிதங்கள் இரண்டும் இவ்வாரம் தபாலில் போகின்றன, பதிவுத் தபாலில். மன்னாரிலும் வவுனியாவிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் பங்குக்கு எழுதினால் பிரதியை எனக்கு அனுப்புங்கள். பதில் வந்ததும், அது எத்தன்மையதாயினும், ஒரு வரி விடாமல் இங்கே இடுவேன்.